முப்பத்தோரு சிவப்பு முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு துணிக்குக் காவல் இருந்தேன்.

காயப்போட்ட துணி இல்லை. கலைத் துணி. நாற்பது மீட்டர்.

வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, "நம்ம மாடியில காயுற துணிக்கு ஒரு நாளாவது காவல் இருந்திருக்கீகளா? போன மழைக்கு அம்புட்டும் நனைஞ்சு போச்சு" என்றார் மனைவி. நியாயமான கேள்வி. கலைக்குத் தொண்டு செய்யப் புறப்படுகிறவன் நியாயமான கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காவலின் பலன்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் துணியில் முப்பத்தோரு இடத்தில் ஒருவர் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால், கை வைத்த அந்த அம்மா இத்தனை வருடம் நின்று வேலை பார்த்த இடமே பறிபோக இருந்தது. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் ஒரு பழைய பருத்தி குடோனைக் கழுவி, வெள்ளையடித்து, 'மக்கள் கலைக்கூடம்' என்று போர்டு மாட்டியிருப்பதை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். எழுதியதற்குத் தண்டனையாக என்னைக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். போர்டு என்ன சொன்னாலும் டவுன் பஸ் கண்டக்டருக்கு அது இன்னும் குடோன்தான். "குடோன் எறங்குறவக முன்னால வாங்க" என்பார். கலை ரசிகர்கள் முன்னால் போய் இறங்குவோம்.

நடத்துகிறவர் எஸ்தர். நல்ல பாங்க் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். என்னை 'அண்ணாச்சி' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, நாற்காலி தூக்க வைப்பார்.

ஆடியில் ஆரம்பித்த சீசன் இது. முதலில் புகைப்படக் கண்காட்சி. பிறகு மண் பொம்மைப் பயிற்சி — பிள்ளைகளுக்கு என்றுதான் அறிவித்தோம். பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அப்பாமார்கள் மண்ணில் இறங்கிவிட்டார்கள். நடுவில் ஞாயிறுதோறும் ஒரு பேச்சு, ஒரு பாட்டு, வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட ஒரு சுண்டல். ஐப்பசியில் துணி.

இந்த நான்கைந்து மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நம் ஊர்க்காரர்கள் ஒரு படத்துக்கு முன்னால் நின்றால், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதில்லை. "இது சரியா இருக்கா?" என்று பார்க்கிறார்கள்.

புகைப்படக் கண்காட்சியில் பஸ் ஸ்டாண்டின் விடிகாலைப் படம் ஒன்று. பனி, மஞ்சள் விளக்கு, தனியாக ஒரு பஸ். எடுத்தவர் மூன்று நாள் காத்திருந்து எடுத்தாராம். ஒரு டவுன் பஸ் டிரைவர் அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். நான் ஆவலோடு பக்கத்தில் போனேன். "முன் டயர்ல காத்து கம்மி சார். இதோட எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். அவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

இன்னொரு படத்தில் மாலை சாத்திய தேர்க்குதிரை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒரே பார்வையில் சொன்னார், அது முந்தின நாள் கட்டிய மாலையாம். படம் எடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எந்தப் படம் என்று கேட்டுத் தேடிப் பார்த்தார். பிறகு, ஆமாம், மறுநாள் காலையில்தான் எடுத்தேன் என்றார்.

இது ரசனையா, குற்றம் கண்டுபிடிப்பதா? நான் அப்போது இரண்டாவது கட்சி. இந்த ஜனங்களுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த யாராவது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

துணிக்கு வருகிறேன்.

செய்தவர் நிவேதிதா. சோழபுரத்துப் பெண். ஓவியம் படித்துவிட்டு இப்போது மதுரையில் இருக்கிறார். காயத்துக்குக் கட்டுகிறோமே, அந்த காஸ் துணியை நாற்பது மீட்டர் எடுத்து, ஆறு மடிப்பாக விட்டத்திலிருந்து தரை வரை தொங்கவிட்டிருந்தார். பின்னால் வரிசையாக டியூப்லைட். துணி முழுக்க அங்கங்கே ஒற்றை ஒற்றை இழையாக உருவியிருந்தார். அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவிய கோடுகள். பெயர், 'பகல் ஷிஃப்ட்'.

விளக்கம் எழுதித் தரச் சொன்னதற்கு, "பாத்தா போதும் சார்" என்றார் நிவேதிதா. விட்டுவிட முடியுமா? பக்கத்தில் ஏதாவது எழுதி மாட்டினால்தான் ஜனங்கள் நிற்பார்கள் என்றார் எஸ்தர். எழுதுவதற்குத்தான் நான் இருக்கிறேனே.

எழுதினேன். ஒரு முழம் நீளப் பலகை. மூன்றாவது மடிப்பில் நெஞ்சு உயரத்தில் எலுமிச்சை அளவு ஓர் ஓட்டை இருந்தது. மற்றதெல்லாம் மெல்லிய கோடு. இது மட்டும் ஓட்டை. விடுவேனா? 'இந்த வெறுமையே படைப்பின் இதயம். சொல்லப்படாத அனைத்தும் இதன் வழியே நம்மைப் பார்க்கின்றன' என்று எழுதினேன். திறப்பு விழாவிலும் அந்த ஓட்டையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நிவேதிதா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிறகு பேசியவர் துணி கொடுத்தவர். ஊரில் காஸ் யூனிட் வைத்திருக்கிறார். கலைக்கூடத்துக்கும் பெரிய ஆதரவு. பெயர் வேண்டாம், முதலாளி என்றே சொல்கிறேன். "நம்ம யூனிட்டோட மொத தர துணி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போற துணி" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

உபயம் என்று எழுதாமல் ஒரு பொருளை நம் ஊரில் வைக்க முடியுமா? கலைக்கூடத்தில் ஃபேனில் உபயம், பெஞ்சில் உபயம், தண்ணீர் ஃபில்டரில் உபயம். 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை இருக்கிறது. அதில் 'தொடாதீர்கள்' சின்ன எழுத்து. கீழே உபயதாரர் பெயர் பெரிய எழுத்து. அதே முறைப்படி துணிக்குப் பக்கத்திலும் ஒரு பித்தளைத் தகடு: 'முதல் தர காஸ் துணி – உபயம்'. கீழே முதலாளி பெயர்.

ஆக, அந்தத் துணிக்கு இடது பக்கம் அவர் தகடு. வலது பக்கம் என் பலகை. நடுவில், கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால், கலை.

இனி, ஞாயிற்றுக்கிழமை.

தங்கள் துணி கலையாகி நிற்பதை யூனிட் பெண்களும் பார்க்கட்டும் என்று முதலாளி ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார். இருபது பேர் இருக்கும். நல்ல சேலை, தலை நிறையப் பூ. துணியை இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "நாள் பூரா பாக்கத இங்கயும் வந்து பாக்கச் சொல்லுதாக" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்து, வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, அடுத்த அறையில் வடையும் டீயும் இருக்கும் திசையில் போய்விட்டார்கள்.

ஒருவர் போகவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். உபயத் தகட்டைப் படித்தார். என் பலகையைப் படித்தார் — முழுதாக, கடைசி வரி வரை! இந்த ஊரில் அதைச் செய்த முதல் ஆள். பிறகு முதல் மடிப்பில் கை எட்டும் உயரத்திலிருந்து ஆரம்பித்து, கீழே, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது என்று துணிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தார். விரல் துணியில் பட்டது.

தொடக்கூடாது. காவல்காரன் எழுந்தேன்.

உட்கார்ந்துவிட்டேன். ஏன்? இந்த சீசன் முழுக்க யாரும் எதையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு பலகை ஒரு மனுஷியை இப்படி மாற்றிவிட்டதே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் விரல் என்ன செய்கிறது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை. அடுத்த பலகைக்கு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணிநேரம் கழித்துத் திரும்பினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லைட்டு நல்லாப் போட்டிருக்கீக. வாரேன் சார்" என்று போய்விட்டார்.

ஆறு மணிக்கு விளக்கை அணைக்க வந்த எஸ்தர், அணைக்கவில்லை.

"அண்ணாச்சி, செத்த இங்க வாங்க."

போனேன். வெள்ளைத் துணி முழுக்கச் சின்னச் சின்னதாகச் சிவப்பு நூல் முடிச்சு. ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை வால் தொங்கியது. எண்ணினோம். முப்பத்தொன்று. என் இதயமாகிய அந்த ஓட்டையின் ஓரத்திலும் ஒன்று.

யூனிட்டில் செக்கிங் டேபிள் என்று ஒன்று உண்டு. கண்ணாடி மேஜை, அடியில் டியூப்லைட். அதன் மேல் துணி ஓடும். நின்றுகொண்டே பார்ப்பார்கள். இழை விட்டுப்போன இடம், அறுந்த இடம், கறை, எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிடுவார்கள். பார்த்து முடித்த ரோலின் கடைசியில் பார்த்தவருடைய நம்பரைக் குத்துவார்கள். இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். முதலாளி வந்து சொன்னார்.

வந்தவர் யார் கட்டியது என்று கேட்கவே இல்லை. ஒரு முடிச்சைத் தூக்கிப் பார்த்தார். "மாரிச்செல்வி முடிச்சு" என்றார். கையெழுத்தைப் போல முடிச்சையும் அடையாளம் தெரியுமாம்.

அப்போதே போன் போட்டு, கண்ணாடி போட்டிருந்த அந்த அம்மாவை டேபிளிலிருந்து எடுத்து மடிப்புப் பிரிவுக்கு அனுப்பியாகிவிட்டது. துணியை மடித்துக் கவரில் போடுகிற வேலை. சம்பளம் அதேதான். ஆனால் அங்கே நம்பர் கிடையாது. யார் மடித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"ஒரு பொண்ணு மாசக்கணக்கா உக்காந்து செஞ்ச பொருள்ல கை வச்சிருக்கு சார். நாளைக்கு நிவேதிதா வரட்டும். அது பரவால்லன்னு சொன்னா டேபிளு. இல்லேன்னா இனி மடிப்புதான்" என்றார். கோபம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் துணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் கண் அந்தப் பித்தளைத் தகட்டுக்குப் போய்ப் போய் வந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியாதவற்றின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் யூனிட் விடும் நேரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என்னைப் பார்த்ததும் மாரிச்செல்விக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கை தானாப் போயிருச்சு சார். பின்னாடி லைட்டு, முன்னாடி துணி. நூலு எப்பமும் வளையல்லயே சுத்திக் கெடக்கும்" என்றார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். அந்தப் பதில் முழுசாக இல்லை என்று எனக்குப் பட்டது. மீதியைக் கேட்க வாய் வரவில்லை. அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான சார் இருந்தீக? ஒரு சத்தம் குடுத்திருந்தா விட்டிருப்பேன்ல."

ஆமாம். ஒரு சத்தம். அதற்குத்தான் அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

பஸ் வருவதற்குள் இன்னொன்றும் கேட்டார். "அந்தப் பெரிய ஓட்டையப் பத்தி எழுதிப் போட்டது நீங்களா?"

கொஞ்சம் நிமிர்ந்து, ஆமாம் என்றேன்.

"அது எலி சார்."

அவர் குரலில் கேலியே இல்லை. ஆஸ்பத்திரியில் ரிசல்ட் சொல்கிற மாதிரி சொன்னார். "ரோலு யூனிட் குடோன்ல ரொம்ப நாளு கெடந்தா கடிச்சுரும்."

பஸ் வந்தது. நான் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஓர் எலியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம்... அதுவும் மைக்கில்.

வீட்டுக்குப் போய் முதலாளிக்குப் போன் செய்தேன். காவல் இருந்தது நான். அவர் தொட்டதைப் பார்த்தும் தடுக்காதது நான். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒங்கள மடிப்புக்கு மாத்த முடியாதே சார்" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நிவேதிதா வந்தார். கலைக்கூடத்தில் நாங்கள் ஐந்து பேர். முதலாளி நாற்காலியில். எஸ்தர் சுவிட்ச் போர்டு பக்கம். மாரிச்செல்வி கதவு ஓரம், சாப்பாட்டுப் பையோடு — இங்கே முடிந்ததும் நேராக யூனிட்டுக்குப் போக வேண்டுமாம். நான் என் பலகைக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு.

நிவேதிதா நேராகத் துணிக்குப் போனார். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார். கீழே இருந்தவற்றுக்குத் தரையில் மண்டியிட்டார். ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து. முதலாளி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாரிச்செல்வி அசையவில்லை.

கடைசியில் எழுந்து மாரிச்செல்வியிடம் வந்தார்.

"அக்கா, நான் இருநூத்துக்கு மேல இழை உருவியிருக்கேன். அதுல ஒண்ணுலகூட நீங்க கட்டலியே."

"அது குத்தமில்லையே."

"எது நான் உருவுனது, எது தறியில விட்டதுன்னு எப்படித் தெரிஞ்சது? ரெண்டும் பாத்தா ஒண்ணு மாதிரிதான இருக்கு?"

மாரிச்செல்வி பையைக் கீழே வைத்துவிட்டுத் துணிக்குப் பக்கத்தில் போனார். கையை நீட்டினார், பிறகு 'தொடாதீர்கள்' பலகையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிவேதிதா அவர் கையைப் பிடித்துத் துணியில் வைத்தார்.

"இழை இருந்து போனதுன்னா பக்கத்து நூல்ல அது கெடந்த நெளிவு இருக்கும். இங்கன பாருங்க. தறியில இழை விழவேயில்லேன்னா நெளிவும் இருக்காது. நூலு சும்மா நேரா கெடக்கும். இந்தா, இப்பிடி." விரல் ஒரு முடிச்சில் நின்றது. "நீங்க உருவுனது அம்புட்டும் சுத்தமா உருவியிருக்கீக. பக்கத்து இழை ஒண்ணுகூட அறல. வேலைதான அது? வேலையில எதுக்குக் கட்டணும்?"

நிவேதிதா குனிந்து அந்த இழையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் ஐந்து மாத உழைப்புக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் விமர்சனம் அது. என் பன்னிரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"எதுக்கு உருவுனீக?" என்று மாரிச்செல்வியே கேட்டார். அம்மாவும் காஸ் யூனிட்டில்தான் வேலை பார்த்தார் என்றும், அம்மா ஷிஃப்டுக்குப் போன ஒரு நாளுக்கு ஓர் இழையாகத் தன் ஒன்பதாம் வகுப்பு வருடத்தை மட்டும் உருவியிருப்பதாகவும் சொன்னார் நிவேதிதா. பலகை எழுதுவதற்கு முன் இதை நான் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

"அம்மா செக்கிங்கா, மடிப்பா?"

"மடிப்பு."

"அப்பத் தெரியாது. மடிப்புக்காரவுக ரூம்பு தனி." கொஞ்சம் நிறுத்தி, "நேத்துதான் நானே உள்ள போய்ப் பாத்தேன்" என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். நிவேதிதா அவர் பக்கம் திரும்பவில்லை.

"சரிக்கா. தறியில விட்டதுல எதுக்குக் கட்டுனீங்க? இது யூனிட் இல்லியே. யாரும் கேக்கலியே."

மாரிச்செல்வி முதலாளியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கை தானாப் போயிருச்சு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நிவேதிதா பரவாயில்லை என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தார்.

மாரிச்செல்வி பித்தளைத் தகட்டைக் காட்டினார்.

"மொத தரம்னு எழுதியிருந்துச்சு. அதான் பாத்தேன்."

எல்லார் தலையும் தகட்டுப் பக்கம் திரும்பியது. 

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது முதல் தரத் துணி இல்லை. என்றோ ஒதுக்கிப் போட்டு, குடோனில் எலிக்கு உணவாகக் கிடந்த ரோல். முதலாளிக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முந்தின நாள் முடிச்சைத் தூக்கிப் பார்த்தபோது தெரிந்திருக்கும். அந்தக் கண் தகட்டுக்குப் போய்ப் போய் வந்தது அதனால்தான்.

முதலாளி எழுந்து ஆறாவது மடிப்பின் கடைசிக்குப் போய்த் துணி நுனியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் நம்பர் இல்லை; யாரும் செக் செய்யாத ரோல். வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். தெலுங்கில் நாலு வார்த்தை கேட்டது. எனக்குத் தெலுங்கு தெரியாது என்றாலும் அது பாராட்டு இல்லை என்பது தெரிந்தது. திரும்பி வந்து, எந்த ரோல் கையில் கிடைத்ததோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள் என்றார். யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். பிறகு, மனசு கேட்காமல், மாரிச்செல்வியிடம் ஒன்று சொன்னார்.

"சரி, சும்மா மாட்டி வைக்கிற துணிதான? ஆஸ்பத்திரிக்கா போகுது?"

"மொத தரம்னு போட்டா ஆஸ்பத்திரிக்குப் போற துணிதான மொதலாளி." குரல் உயரவில்லை. "அறுந்த இழை புண்ணுக்குள்ள தங்கிரும். நீங்கதான சொல்லுவீக."

இதை அவர்தான் சொல்லுவாராம். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வது அதுதானாம்.

முதலாளி நாற்காலியில் உட்காரவில்லை. தகட்டுக்கு முன்னால் போய் நின்று, தன் பெயரைத் தானே கொஞ்ச நேரம் படித்தார். பிறகு திரும்பாமலே, "நாளைக்கு டேபிளுக்கு வந்துரு" என்றார்.

"இன்னைக்கே வாரேன்" என்றார் மாரிச்செல்வி. "ரெண்டு நாளு ரோலு நின்னு கெடக்கும்."

நிஜமான முதல் தரத்தில் புதுசாக நாற்பது மீட்டர் தருவதாக முதலாளி சொன்னார். மறுபடி ஒரு ஒன்பதாம் வகுப்பு படிக்க முடியாது என்று நிவேதிதா மறுத்துவிட்டார். அப்படியென்றால் அந்தச் சிவப்பு முடிச்சையாவது அவிழ்த்துவிடச் சொன்னார் முதலாளி. அதற்கு மாரிச்செல்வி சம்மதிக்கவில்லை. குற்றத்தைச் சரி செய்யாமல் முடிச்சை எடுத்தால், அந்தத் துணியை அவர் பாஸ் செய்ததாக ஆகிவிடுமாம். அதுவும் முதலாளி போட்ட ரூல்தான். அவர் என்ன செய்வார் பாவம், தான் போட்ட ரூலோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்?

முடிச்சுகள் இருக்கின்றன. இந்த மாதம் முழுக்க இருக்கும். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகாக இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "அது அழகுக்குக் கட்டுனதில்ல சார்" என்று நிவேதிதாவிடமிருந்து ஒரு பதில் வந்தது. அடக்கமான பெண் என்று நினைத்திருந்தேன்.

தகட்டில் 'முதல் தர' என்ற இரண்டு வார்த்தையை முதலாளியே ஆள் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். இப்போது வெறும் 'காஸ் துணி – உபயம்'. பெயர் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நான்? யோசித்துப் பார்த்தேன். டயரில் காற்றைப் பார்த்தவர், மாலையில் முந்தின நாளைப் பார்த்தவர், துணியில் எலியைப் பார்த்தவர்... இவர்களுக்கெல்லாம் விளக்கம் தேவை என்று நினைத்தவன் ஒருவன். பார்த்ததற்குக் கீழே தன் நம்பரைக் குத்த வேண்டியவர்கள்தான் ஒழுங்காகப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டுச் சால்வை வாங்குகிறவனுக்கு அந்தக் கவலை ஏது?

புறப்படும்போது நிவேதிதா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், அந்தப் பெரிய ஓட்டை... நான் போட்டதில்ல. அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க நல்லாப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

தெரியும் என்றேன். மாரிச்செல்வி மறுபடி வருவதற்குள் என் பலகையை நானே கழற்றி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். மனைவி அதை வாங்கி, மாடியில் துணி காயும் இடத்தில் மழைத் தண்ணீர் ஒழுகாமல் சாய்த்து வைத்திருக்கிறார். முதன்முறையாக ஒரு துணிக்கு உபயோகமாகியிருக்கிறது.

நேற்று எஸ்தர் போன் செய்தார். பலகை இருந்த இடத்தில் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கிறதாம்; வருகிறவர்கள் சிலர் அதற்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

விளக்கம் எழுதித் தரவா என்று கேட்டேன். வைத்துவிட்டார்.